டிக்கியில் ஸ்டெப்னி இல்லை! வாசகர் கேள்வி பதில்

ஸ்டெப்னி இல்லாமல் வரும் கார்களைப் பற்றிய கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டதால் இம்முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்கள் எல்லாம் டியூப்லெஸ் டயர் போட்ட கார்களுக்கானவை.

கேள்வி: புதுக் காரின் டிக்கித் தளத்தைத் தூக்கிப் பார்த்தால், ஸ்டெப்னி இருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு சின்ன கம்ப்ரஸரும் ஒரு பாட்டிலும்தான் இருக்கின்றன. "இது போதும்" என்கிறார்கள். உண்மையிலேயே போதுமா?

ஆணியோ திருகாணியோ ஏறிய சாதாரண பஞ்சருக்குப் போதும். அதைத் தாண்டினால் போதாது.

பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் ரப்பர் பால் கலந்த அடைப்புத் திரவம். துளை வழியே வெளியேறும் காற்று இந்தத் திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகும். போகிற வழியில் ரப்பர் துகள்கள் துளைக்குள் திரண்டு அடைத்துக்கொள்ளும். எனவே துளை சிறியதாக இருக்க வேண்டும். சக்கரம் சுழலும்போது திரவம் போய்ச் சேரும் இடத்திலும் இருக்க வேண்டும். தரையில் படும் பட்டன் பகுதியில் 4 முதல் 6 மில்லிமீட்டர் வரையிலான துளை என்பதுதான் பெரும்பாலான கம்ப்ரஸர்-பாட்டில் கிட்களின் வரம்பு.

டயரின் சைடு வால் கிழிந்தால் அடையாது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் மடங்கி விரிகிறது, உள்ளே எஃகுக் கம்பிப் பட்டையும் கிடையாது. எதை வைத்து அடைத்தாலும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். குழியில் இடித்து ரிம் வளைந்தால், டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றால், காற்றில்லாமலேயே கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டால், இரண்டு டயர் ஒரே நேரத்தில் போனால், இவை எதற்கும் அந்தப் பாட்டில் உதவாது. பழுதான வண்டியை ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டிதான் வழி.

அதனால் ஸ்டெப்னி இல்லாத காரில் முதல் ஆயத்தம் தொலைபேசி எண். வண்டி நிறுவனத்தின் சாலையோர உதவியோ காப்பீட்டுடன் வரும் உதவியோ எந்தத் தேதி வரை செல்லும், டயர் பிரச்சினைக்கு வருவார்களா, எத்தனை கிலோமீட்டர் வரை வண்டியை ஏற்றிச் செல்வார்கள் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். எண் கைபேசியிலும் இருக்கட்டும், ஒரு தாளிலும் இருக்கட்டும்.

இரண்டாவது ஆயத்தம், கிட்டை உறை பிரித்துப் பார்ப்பது. பலரும் இதைச் செய்வதில்லை. வீட்டு வாசலில் கம்ப்ரஸரை மாட்டி நான்கு சக்கரத்துக்கும் இரண்டு பிஎஸ்ஐ காற்றடித்துப் பாருங்கள். ஒயர் பின் சக்கரம் வரை எட்டுகிறதா, சாக்கெட்டில் மின்சாரம் வருகிறதா, வால்வு மூடி துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்பதெல்லாம் பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: பஞ்சர் என்று தெரிந்தவுடனே பாட்டிலை ஏற்றிவிடலாமா?

வேண்டாம். முதலில் வெறும் காற்று, அடுத்து ஸ்ட்ரிப் (துளைக்குள் சொருகும் ரப்பர் திரி), கடைசியில்தான் பாட்டில். இந்த வரிசையை மாற்றினால் வேலை கெடும்.

ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் குறைந்த பிறகு ஓரம் கட்டுங்கள். கெட்டியான சமதரை, ஹசார்டு விளக்கு, கை பிரேக். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் குறைந்தது 50 மீட்டர் தள்ளி வையுங்கள். வேகமான சாலையில் இன்னும் தள்ளி. பஞ்சரான சக்கரம் வண்டிகள் பாயும் பக்கத்தில் இருந்தால் அங்கே குந்தி உட்கார்ந்து வேலை பார்க்காதீர்கள். பாதுகாப்பான இடம் வரை ஊர்ந்து போங்கள், இல்லையென்றால் உதவியை அழையுங்கள்.

பிறகு பாட்டிலை இணைக்காமல், கம்ப்ரஸரை மட்டும் வைத்து ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள அளவுக்குக் காற்றடியுங்கள். பத்து நிமிடம் பொறுத்து மறுபடி அளந்து பாருங்கள். 33 பிஎஸ்ஐ இருந்தது 31 ஆகிறது என்றால், 25-க்கு இறங்க இன்னும் 30 நிமிடம் இருக்கிறது. பக்கத்தில் பஞ்சர் கடை இருந்தால் அதுவே தாராளம். ஆனால் ஓட்டத்தில் துளை அசைந்து கசிவு கூடலாம். முதல் பத்து நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி அளக்க வேண்டும்.

ஆணி தெரிகிறதே என்று பிடுங்கிவிடாதீர்கள். துளையை இப்போது அடைத்துக்கொண்டிருப்பதே அந்த ஆணிதான்.

ஆணி எதுவும் கண்ணில் படவில்லையா? வால்வின் வாயில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின் தளர்ந்திருக்கிறது. அதை முடுக்கும் சிறு கருவியும் இரண்டு வால்வு பின்னும் சட்டைப்பையில் அடங்கும். மெல்ல இறுக்கினால் போதும், வேலை முடிந்தது. சைக்கிளுக்கும் பைக்குக்கும் செய்கிற இந்தச் சோதனையைக் காரென்றதும் மறந்துவிடுகிறோம்.

கேள்வி: பாட்டிலை இணைத்து கம்ப்ரஸரைப் போட்டதும் முள் 5 பார் அழுத்தத்துக்குப் போய்விட்டது. டயர் வெடித்துவிடும் என்று பயந்து நிறுத்திவிட்டேன். என்ன தவறு செய்தேன்?

நிறுத்தியதுதான் தவறு. கெட்டியான திரவம் குறுகிய வால்வு வழியாக நுழையும்போது குழாய்க்குள்தான் அழுத்தம் ஏறுகிறது, டயருக்குள் இல்லை. முள் 5, 6 பார் வரை போவது வழக்கமே. பாட்டில் காலியாக அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் ஆகும். முள் தானாகக் கீழே வரும். அதன் பிறகு காட்டுவதே டயரின் கணக்கு.

மொத்த முறையையும் சொல்லிவிடுகிறோம். கிட்டுக்குக் கிட்டு சிறு மாற்றம் இருக்கும், பெட்டியில் அச்சிட்டிருப்பதே இறுதி.

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். ஆணி உள்ளேயே இருக்கட்டும். பாட்டிலை கம்ப்ரஸரில் திருகி, அதன் குழாயை வால்வில் பூட்டுங்கள். என்ஜினை ஓடவிட்டு கம்ப்ரஸரைப் போடுங்கள். சிறிய மோட்டார் என்பதால் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் சூடேறிக் கருகும். அந்த நேரத்துக்குள் 1.8 பார், அதாவது 26 பிஎஸ்ஐ வரவில்லை என்றால் குழாயைக் கழற்றி, வண்டியை 10 மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அடியில் தேங்கிய திரவம் அப்போதுதான் சுற்றிலும் பரவும். மோட்டார் ஆறியபின் மறுபடி அடியுங்கள். இம்முறையும் ஏறாவிட்டால் துளை பெரியது; அதோடு விட்டுவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

காற்று ஏறிவிட்டால் உடனே கிளம்ப வேண்டும். கிட்டை அடுக்கி வைத்து, கை கழுவி, டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் திரவம் முழுவதும் டயரின் அடியில் தேங்கி நிற்கும், துளைக்குப் போகாது. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். கிட்டில் "80" என்று ஒரு ஒட்டுவில்லை இருக்கும். அதைக் கண்ணில் படும்படி ஒட்டுங்கள், ஸ்டீயரிங் நடுவில் ஏர்பேக் மூடிமேல் மட்டும் வேண்டாம். சுமார் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி அளந்து பாருங்கள். 1.3 பாருக்குக் கீழே, அதாவது 19 பிஎஸ்ஐக்குக் கீழே போயிருந்தால் அடைப்பு பிடிக்கவில்லை. அதற்கு மேல் ஒரு அடிகூட ஓட்டக்கூடாது. 1.3 பாருக்கு மேல் இருந்தால் குறித்த அளவுக்கு நிரப்பிக்கொண்டு நேராகக் கடைக்குப் போங்கள்.

சில கிட்களில் பாட்டிலைக் கையால் பிழிந்து ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கு வால்வு பின்னை முதலில் கழற்ற வேண்டும். கழற்றிய பின்னை மணலில் வைத்துவிடாதீர்கள். ஒட்டிய ஒரு மணல் போதும், பிறகு வால்வே கசியும். குழாயைப் பிடுங்கும்போது திரவம் தெறிக்கும் என்பதால் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். துணிமணியில் பட்டுக் காய்ந்தால் கறை போகாது. கண்ணில் பட்டால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: பாட்டிலின் தேதி முடிந்துவிட்டது. குலுக்கினால் உள்ளே தண்ணீராகத்தான் கேட்கிறது. வைத்துக்கொள்ளலாமா?

மாற்றிவிடுங்கள். ரப்பர் பால் நாளாக நாளாகக் கட்டிதட்டும். மேலே தண்ணீராகக் கேட்கும், அடியில் கட்டி குழாயை அடைத்துக்கொள்ளும். பழைய கார் வாங்கியவர்கள் தேதியோடு, பாட்டிலை முன்னவர் ஏற்கனவே பயன்படுத்திவிட்டாரா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பாட்டில் ஒரு டயருக்குத்தான்.

கேள்வி: பஞ்சர் கடையில் ரப்பர் ஸ்ட்ரிப் சொருகுவதைப் பார்த்திருக்கிறேன். வழியில் நானே போட முடியுமா? ஜாக்கியே இல்லையே?

முடியும். ஜாக்கியும் தேவையில்லை. ஸ்டெப்னி இல்லாதவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே வேலை எது என்றால் இதைத்தான் சொல்வோம்.

தேவையானவை: துளையைத் துருவும் ரீமர், காதுள்ள சொருகூசி, ஐந்தாறு ஸ்ட்ரிப், ரப்பர் சொல்யூஷன், கட்டிங் பிளேயர், பிளேடு, சோப்புத் தண்ணீர் போட்ட தெளிப்புப் புட்டி, சாக்பீஸ், கையுறை, தலையில் மாட்டும் விளக்கு. கருவிகளின் கைப்பிடி குறுக்குக் கட்டையாக, இரண்டு கையாலும் அழுத்தும்படி இருக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் போன்ற நேர்ப் பிடியுள்ள மலிவான செட்டை வாங்காதீர்கள். கார் டயரின் எஃகுக் கம்பிப் பட்டையைத் துளைக்கும்போது கை வழுக்கும், பிளாஸ்டிக் பிடி உடைந்து உள்ளங்கையைக் கிழிக்கும்.

முன் சக்கரம் என்றால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடியுங்கள், டயரின் முகம் வெளியே வந்துவிடும். பின் சக்கரம் என்றால் ஆணி கைக்கு எட்டும் உயரத்துக்கு வரும்வரை வண்டியைக் கொஞ்சம் உருட்டி, கை பிரேக் போட்டு, வேறொரு சக்கரத்துக்குக் கல் அணை கொடுங்கள்.

ஆணியைப் பிடுங்குவதற்கு முன் இரண்டு காரியம் முடிந்திருக்க வேண்டும். ஒன்று, டயரில் காற்று அடித்திருக்க வேண்டும். காற்றில்லாத டயரில் ரீமரை அழுத்தினால் ரப்பர் உள்ளே மடங்கும், கருவி ஏறாது. இரண்டு, சொருகூசியின் காதில் ஸ்ட்ரிப்பைப் பாதி பாதியாக வரும்படி கோர்த்து, சொல்யூஷன் தடவித் தயாராக வைத்திருக்க வேண்டும்.

துளையைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பிடுங்குங்கள். அதே சாய்வில் ரீமரை நுழைத்துப் பத்துப் பதினைந்து தடவை உள்ளும் வெளியும் துருவுங்கள். இதில் அவசரப்படுவதால்தான் பெரும்பாலான ஒட்டு பிறகு கசிகிறது. அறுந்த எஃகுக் கம்பியின் முனைகள் துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை மழுக்காவிட்டால் ஓட ஓட ஸ்ட்ரிப்பை அறுத்துவிடும்.

பிறகு சொருகூசியை அழுத்துங்கள். ஸ்ட்ரிப்பின் இரண்டு வாலும் ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே நிற்கும்போது நிறுத்துங்கள். முழுவதும் அழுத்திவிட்டால் ஸ்ட்ரிப் டயருக்குள் விழுந்துவிடும். ஊசியைத் திருகாமல் நேராக, வெடுக்கென்று இழுங்கள். காதிலுள்ள பிளவு வழியே ஸ்ட்ரிப் கழன்று துளைக்குள் தங்கும். வெளியே நிற்பதை 3 மில்லிமீட்டர் விட்டு நறுக்குங்கள். நறுக்கும்போது இழுத்துப் பிடிக்கக் கூடாது. காற்று நிரப்பி சோப்புத் தண்ணீர் விடுங்கள். பொடிப் பொடியாகக் குமிழி வந்தால் அதே துளையில் இன்னொரு ஸ்ட்ரிப் போடலாம். அதற்கும் அடங்காவிட்டால் அது ஸ்ட்ரிப்பில் நிற்கும் துளை இல்லை.

6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளைக்கும், பட்டன் முடிந்து சைடு வால் வளையும் தோள் பகுதிக்கும் ஸ்ட்ரிப் போடாதீர்கள். திரவம் ஏற்றிய டயரிலும் சொல்யூஷன் சரியாகப் பிடிக்காது. பாட்டிலைக் கடைசியில் வைக்கச் சொன்னது இதனால்தான். சொல்யூஷன் டியூப் ஒருமுறை திறந்தால் சில மாதங்களில் காய்ந்துவிடும், பயன்படுத்தியதும் புதிது வாங்கி வையுங்கள்.

ஸ்ட்ரிப் போட்டே டயர் தேயும்வரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கருத்து வேறு. ஊர் வந்ததும் டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்து, உள்ளிருந்து தண்டோடு சேர்ந்த காளான் ஒட்டு போடுவதே நிரந்தரம். காற்று குறைவாக ஓடியிருந்தால் உள்ளே நடந்த சேதம் வெளியே தெரியவே தெரியாது.

கேள்வி: திரவம் ஏற்றிய டயரைப் பஞ்சர் கடையில் தொட மறுக்கிறார்கள். டயரும் காற்றழுத்த சென்சாரும் கெட்டுவிட்டனவா?

கெட வேண்டிய அவசியமில்லை. திரவம் காய்ந்து பிசினாவதற்குள், ஓரிரு நாளில் கழற்றினால் தண்ணீரிலேயே பெரும்பாலும் கழுவிவிடலாம். சென்சாரின் சிறு துவாரம் அடைபட்டிருந்தால் சுத்தம் செய்ய வேண்டும், சில நேரம் மாற்றவும் நேரும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லாமல் கொடுப்பதுதான் தகராறுக்குக் காரணம். அவர் டயரைப் பிரித்ததும் மேலெல்லாம் கொட்டும். நுரை பீய்ச்சும் ஸ்ப்ரே வகையென்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். சிலவற்றில் தீப்பிடிக்கும் வாயு இருக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் அந்த ஸ்ப்ரே டப்பாவை வைப்பதும் நல்லதல்ல.

கேள்வி: கம்ப்ரஸர் வாங்கப் போகிறேன். சாக்கெட்டில் சொருகுவதா, பேட்டரி வைத்ததா?

சாக்கெட்டில் சொருகுவதை வாங்குங்கள். பேட்டரி வைத்தது வீட்டில் மாதாமாதம் காற்றுப் பார்க்கச் சுகம். டிக்கியில் மறந்து கிடந்தால் தேவைப்படும் நாளில் சார்ஜ் இருக்காது, வெயில் சூட்டில் பேட்டரியின் ஆயுளும் குறையும். அதுதான் வேண்டுமென்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

12 வோல்ட் சாக்கெட்டில் 120 வாட் கம்ப்ரஸர் 10 ஆம்பியர் இழுக்கும். உங்கள் சாக்கெட்டின் ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். அதே அளவில் இரண்டு ஃப்யூஸ் கூடுதலாக வைத்திருங்கள். அதைவிடப் பெரிய கம்ப்ரஸர் என்றால் கார் பேட்டரியில் நேராக கிளிப் மாட்டும் வகைதான் சரி. என்ஜினை ஓடவிட்டுக் காற்றடிப்பதை மூடிய கேரேஜுக்குள் செய்யாதீர்கள், புகை உயிருக்கே ஆபத்து. இன்னொன்று: கழன்ற டயர் விளிம்பை மறுபடி ரிம்மில் உட்கார வைக்கும் அளவுக்கு இந்தச் சிறு கம்ப்ரஸர்களால் காற்றைத் தள்ள முடியாது.

கேள்வி: டயரில் நைட்ரஜன் நிரப்பியிருக்கிறேன். சாதாரணக் காற்று அடிக்கலாமா?

தாராளமாக. காற்றிலேயே ஏறக்குறைய 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

கேள்வி: என் காரில் ரன்-ஃபிளாட் டயர். எனக்கு எதுவும் வேண்டாம்தானே?

தடித்த சைடு வால் காற்றில்லாமலே வண்டியின் எடையைத் தாங்கும். பொதுவாக 80 கிலோமீட்டர் தூரம், 80 கிலோமீட்டர் வேகம் வரை. ஆள், சாமான் ஏறினால் தூரம் குறையும். படுத்தாலும் வெளியே தெரியாது என்பதால் அழுத்த எச்சரிக்கை விளக்கு வேலை செய்தே ஆக வேண்டும். காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃபிளாட்டை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தக் கூடாது என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன. அடுத்த முறை சாதாரண டயருக்கு மாறினால் அன்றே கிட் வாங்குங்கள். இந்த இடத்தில்தான் பலர் இரண்டும் இல்லாமல் நிற்கிறார்கள்.

கேள்வி: தனியாக ஒரு ஸ்டெப்னி வாங்கி வைத்துக்கொண்டால் என்ன?

நல்ல யோசனைதான், வாங்கும்போது கவனம் வேண்டும். போல்ட் எண்ணிக்கையும் அவற்றின் வட்ட விட்டமும் பொருந்தினால் போதாது. நடுத்துளை, ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் பூட்டும் முகம் தள்ளியிருக்கும் அளவு), பிரேக் காலிப்பருக்கு இடம் இவையும் சரியாக இருக்க வேண்டும். முன் பிரேக் பெரிதாக உள்ள கார்களில் சிறிய ரிம் பின்னால் மாட்டும், முன்னால் இடிக்கும். கடையிலேயே முன்னும் பின்னும் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

டயரின் மொத்த உயரமும் ஒத்துப்போக வேண்டும். 205/55 ஆர்16 என்றால் டயரின் அகலமான 205 மில்லிமீட்டரில் 55 சதவீதம், அதாவது சைடு வாலின் உயரம், 112.75 மில்லிமீட்டர், அதை இரட்டித்து 16 அங்குல ரிம்முக்கு 406.4 கூட்டினால் ஏறக்குறைய 632. ஒல்லி ஸ்டெப்னியில் 125/90 ஆர்16 அளவுக்கு இதே கணக்கைப் போட்டால் 631 வரும், பொருந்துகிறது. ஒல்லி ஸ்டெப்னிக்குக் காற்று பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ, வேகம் 80. அலாய் வீல் போல்ட்டின் நீளமும் அமரும் வடிவமும் இரும்பு வீலுக்கு ஒத்துவராமல் போகலாம். தேவையென்றால் தனி போல்ட் வாங்குங்கள். ஸ்டெப்னி இல்லாத காரில் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும்கூட இருக்காது, அவற்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். டிக்கியில் சும்மா போடாமல் பட்டை போட்டுக் கட்டுங்கள். திடீர் பிரேக்கில் அந்த எடை முன்னால் பாய்ந்துவிடும்.

கேள்வி: டயர் படுத்துவிட்டது. இரண்டு கிலோமீட்டரில் கடை. மெதுவாக உருட்டிக்கொண்டு போகலாமா?

போகாதீர்கள். ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே சைடு வால் நசுங்கி, சில நூறு மீட்டரிலேயே உள்ளே உள்ள இழைகள் அறும். கழற்றும்போது உள்ளே கரித்தூள் போல ரப்பர் பொடி கொட்டினால் அந்த டயரை ஒட்ட முடியாது. ஒரு ஒட்டில் முடிய வேண்டியது புது டயரில் முடியும், ரிம்மும் சேர்ந்து போகலாம். வளைவிலோ பாலத்திலோ, பின்னால் வருகிறவருக்குத் தெரியாத இடத்திலோ நின்றுவிட்டால் மட்டும் டயர் விலையைப் பார்க்காமல் பாதுகாப்பான இடம் வரை ஊர்ந்து போங்கள்.

கேள்வி: மின்சாரக் காருக்கு இதில் ஏதாவது மாறுமா?

வண்டி கனம், டயரின் காற்றளவு கூடுதல். சத்தம் குறைய டயருக்குள் பஞ்சு ஒட்டியிருந்தால், உள்ளிருந்து ஒட்டுப்போட அந்த இடத்தில் பஞ்சை வெட்டி எடுக்க வேண்டும், கடையில் சொல்லுங்கள். ஜாக்கி வைக்கும் இடம் தவறினால் அடியிலுள்ள பேட்டரிப் பெட்டி நசுங்கும், கையேட்டில் உள்ள இடத்தைத் தவிர வேறெங்கும் தூக்கவிடாதீர்கள். மோட்டாரோடு இணைந்த சக்கரம் தரையில் சுழலும்படி இழுத்துச் சென்றால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்து சேதமாகலாம். அதனால் ரெக்கவரியை அழைக்கும்போதே நான்கு சக்கரத்தையும் தூக்கி வைக்கும் தட்டு வண்டி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முன் பம்பரில் திருகும் இழுவைக் கொக்கி எங்கே வைத்திருக்கிறது, எந்த மூடியைத் திறந்து மாட்ட வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு சக்கரத்திலும் வீல் நட்டில் ஒன்றுக்கு மட்டும் தனி சாவி உண்டாம். அது எங்கே என்றே தெரியவில்லை. இப்போது அவசரமா?

அவசரம்தான். திருட்டைத் தடுக்கும் அந்த லாக் நட்டின் சாவி இல்லாமல், உதவிக்கு வருகிறவராலும் சாலையில் சக்கரத்தைக் கழற்ற முடியாது. கையுறைப் பெட்டி, டிக்கியின் பக்கவாட்டு அறை, கம்ப்ரஸர் இருக்கும் தெர்மக்கோல் தட்டு ஆகியவற்றில் தேடுங்கள். கடைசியாக டயர் மாற்றிய கடையிலும் கேளுங்கள். ஸ்பேனரிலேயே மாட்டியபடி அங்கே தங்கிவிடுவது உண்டு. கிடைக்காவிட்டால், வாங்கும்போது கொடுத்த அட்டையில் உள்ள குறியீட்டு எண்ணைக் காட்டி நிறுவனத்தில் வேறொன்று பெறலாம். அட்டையும் இல்லையென்றால் ஒர்க்‌ஷாப்பில் சொல்லி நான்கு லாக் நட்டையும் எடுத்துவிட்டுச் சாதாரண நட் போட்டுக்கொள்ளுங்கள்.